தங்கக் கோஷ்டியைத் திரட்டிய தபால் குமாஸ்தா

25 வயதில் மறைந்த ரக்பி வீரர் பாஸ்கர்வில்லின் வாழ்க்கை

1908-ம் ஆண்டு ஜூன் மாதம் 13-ந் தேதி. நியூசிலாந்தின் தலைநகரான வெல்லிங்டனில் அன்று ஒரு விசேஷ ஆட்டம். அத்லெட்டிக் பார்க் மைதானத்தை நோக்கி ஆயிரக்கணக்கான ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டு மண்ணில் அதுவரை யாரும் ஆடியிராத புது மாதிரியான ரக்பி ஆட்டம் அன்றுதான் முதன் முதலாக நடைபெற இருந்தது.

டிக்கெட் பணம் ஆட்டக்காரர்களுக்கு அல்ல. ஆட்டத்தை நடத்தியவர்களுக்கும் அல்ல. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு! சுமார் 300 பவுன் சேர்ந்தது.

அந்த அம்மாளின் மகன்தான் ஆல்பர்ட் ஹென்றி பாஸ்கர்வில். அந்தப் புதிய ஆட்டத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் அவர்தான். அதற்காகக் கையில் இருந்த உத்தியோகத்தை விட்டார். ரக்பி சங்கத்தின் பகையைத் தேடிக்கொண்டார். சங்கத்தின் மைதானங்கள் எதிலும் ஆயுள் முழுவதும் காலடி வைக்கக் கூடாது என்ற தடைக்கு ஆளானார். கடல் கடந்து போனார். எடுத்த காரியத்தை முடித்தார்.

ஆனால் ஊர் திரும்பி, தன் ஊர் மைதானத்தில் அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இறந்தபோது அவருக்கு வயது 25தான்!

தங்கச் சுரங்க ஊர்

நியூசிலாந்தின் வட தீவில் தே அரோஹா என்று ஒரு சிற்றூர். அதன் அருகில் மலை அடிவாரத்தில் இருப்பது வையோரொங்கோமை. தங்கம் தோண்டுகிறவர்கள் கூடாரம் போட்டு உண்டாக்கிய ஊர் அது. அங்கே 1883-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி ஆல்பர்ட் பிறந்தார்.

வாலிபரானதும் வெல்லிங்டன் தபால் இலாகாவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பகலில் தபால் ஆபீஸ். ஓய்வு நேரத்தில் ரக்பி. இதுதான் அவருடைய வாழ்க்கை.

ரக்பி என்பது நம் ஊர்க் கால்பந்தாட்டம் போன்றதல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். எதிரி பாய்ந்து கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். பந்தைக் காலால் முன்னே உதைக்கலாம். ஆனால் கையால் எறிவதானால் பின்பக்கம்தான் எறிய வேண்டும். எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் அதற்கு 'ட்ரை' என்று பெயர். அந்தக் காலத்தில் அதற்கு 3 பாயிண்டுகள்.

பாஸ்கர்வில் நல்ல ஆட்டக்காரர். ஆனால் முதல் வரிசை வீரர் என்று பெயர் வாங்கியவர் அல்ல. நியூசிலாந்தின் தேசிய கோஷ்டியான 'ஆல் பிளாக்ஸ்' கோஷ்டியில் அவருக்கு ஒரு நாளும் இடம் கிடைத்ததில்லை. காலைவிட அவருடைய மூளைதான் வேகமாக ஓடியது. ஆட்டத்தின் நுட்பங்களை அவர் கூர்ந்து கவனித்தார். 1907-ம் ஆண்டில் நியூசிலாந்து ஆட்ட முறையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். புதிதாக ஆடப் பழகுகிறவர்கள், தேர்ந்த ஆட்டக்காரர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிய எல்லோருக்கும் பயன்படும்படி எழுதப்பட்ட புத்தகம் அது. அப்போது ஆசிரியருக்கு வயது 24!

3 ஷில்லிங் படி

இந்தக் குமாஸ்தாவின் மனதில் ஒரு பெரிய எண்ணம் முளைத்ததற்குக் காரணம் 1905-ம் ஆண்டில் நடந்த ஒரு சுற்றுப் பயணம்.

அந்த ஆண்டு ஆல் பிளாக்ஸ் கோஷ்டி பிரிட்டனுக்குப் போயிற்று. கறுப்புச் சட்டை அணிந்த அந்த வீரர்கள் போன இடமெல்லாம் வெற்றி. மொத்தம் 35 ஆட்டங்கள். 34-ல் ஜெயித்தார்கள். கார்டிப் நகரில் வேல்ஸ் நாட்டிடம் மட்டும் 3-0 என்ற கணக்கில் தோற்றார்கள். கூட்டமான கூட்டம். டிக்கெட் வசூல் குவிந்தது. செலவெல்லாம் போக ஆயிரக்கணக்கான பவுன் லாபம் ரக்பி சங்கத்துக்குக் கிடைத்தது.

ஓடி, மோதி, அடிபட்டு, அந்தப் பணத்தைச் சம்பாதித்துக் கொடுத்த வீரர்களுக்குக் கிடைத்தது என்ன? நாள் ஒன்றுக்கு 3 ஷில்லிங் படி. அவ்வளவுதான்! ரக்பி ஆடுகிறவர்கள் பணம் வாங்கக் கூடாது, பொழுது போக்குக்காக மட்டுமே ஆட வேண்டும் என்பது சங்கத்தின் கண்டிப்பான விதி. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விதியால் நஷ்டம் இல்லை. பல மாதங்கள் வேலையை விட்டுவிட்டு, சம்பளத்தை இழந்து, கப்பல் ஏறிய தொழிலாளிகளின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

இதே கேள்வி இங்கிலாந்தின் வடபகுதியில் முன்பே வெடித்திருந்தது. யார்க்ஷயர், லங்காஷயர் வட்டாரங்களில் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத்திலும், பஞ்சாலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றையக் கூலி போய்விடும். இழந்த கூலிக்கு ஈடாக நாளுக்கு 6 ஷில்லிங் கொடுக்க அனுமதியுங்கள் என்று 1893-ம் ஆண்டில் அந்த வட்டாரத்தார் கேட்டார்கள். லண்டனில் கூடிய சங்கம் மறுத்துவிட்டது.

1895-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி ஹட்டர்ஸ்பீல்டு நகரில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் வட பகுதிக் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். தாய்ச் சங்கத்தை விட்டு விலகினார்கள். வடக்கு யூனியன் என்ற புதிய சங்கம் பிறந்தது. பிற்காலத்தில் 'ரக்பி லீக்' என்று பெயர் பெற்ற ஆட்டம் இதுதான்.

ஆட்ட விதிகளையும் அவர்கள் மாற்றிக்கொண்டே போனார்கள். 1906-ம் ஆண்டில் கோஷ்டிக்கு 15 பேர் என்பதை 13 பேர் ஆக்கினார்கள். பிடிபட்டு விழுந்தவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம் என்று விதி செய்தார்கள். கூட்டமாக முட்டி மோதிக்கொண்டு நிற்பது குறைந்தது. ஆட்டத்தில் வேகம் பிறந்தது.

ஒரு கடிதம்

1905-ல் பிரிட்டனுக்குப் போன வீரர்களில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஒருவர். ஓட்டப் பந்தயத்திலும், தடை தாண்டும் பந்தயத்திலும் புகழ் பெற்றவர். வடக்கு யூனியனின் ஆட்டம் எப்படிப்பட்டது, அதில் ஆட்டக்காரர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையெல்லாம் அவர் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அவரும் பாஸ்கர்வில்லும் ஒரே திசையில் யோசித்தார்கள்.

1907-ம் ஆண்டின் தொடக்கத்தில் பாஸ்கர்வில் பேனாவை எடுத்தார். வடக்கு யூனியனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நியூசிலாந்திலிருந்து ஒரு கோஷ்டியை அழைத்து வருகிறேன், உங்கள் கிளப்புகளுடன் ஆட ஏற்பாடு செய்வீர்களா என்பதுதான் அதன் சாரம்.

அவருக்குப் பின்னால் எந்தச் சங்கமும் இல்லை. பணக்காரர் யாரும் இல்லை. இருந்தது ஒரு தபால் குமாஸ்தாவின் கையெழுத்து மட்டும்தான். ஆனால் 1905 கோஷ்டியின் புகழ் பிரிட்டன் முழுவதும் பரவியிருந்த சமயம் அது. வடக்கு யூனியன் நிர்வாகிகள் யோசித்தார்கள். சம்மதித்தார்கள். டிக்கெட் வசூலில் 70 சதவீதம் தருவதாகவும், குறைந்த பட்சம் 3,000 பவுன் கிடைக்கும் என்றும் உறுதி கொடுத்தார்கள்.

பாஸ்கர்வில் தபால் ஆபீஸ் வேலையை விட்டார். முழு மூச்சாகக் காரியத்தில் இறங்கினார்.

ஆளுக்கு 50 பவுன்

கோஷ்டியை அவர் அமைத்த விதம் புதுமையானது. முதலாளி யாரும் கிடையாது. சேருகிற ஒவ்வொருவரும் 50 பவுன் போட வேண்டும். லாபம் வந்தால் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது; நஷ்டம் வந்தால் எல்லோரும் தாங்கிக்கொள்வது. கூட்டுறவுப் பண்டகசாலை போன்ற ஏற்பாடு!

50 பவுன் என்பது அன்று சாதாரணத் தொகை அல்ல. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். நாளுக்கு 3 ஷில்லிங் படி வாங்குகிறவர் அதில் ஒரு காசு கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் 50 பவுன் சேர 334 நாட்கள் ஆகும். அப்படியும் வீரர்கள் முன்வந்தார்கள். 1905 கோஷ்டியில் இருந்தவர்கள் நால்வர் சேர்ந்தார்கள். ஜார்ஜ் ஸ்மித், டங்கன் மெக்ரெகர், மாஸா ஜான்ஸ்டன், பில் மாக்ரெல் ஆகியோர் அவர்கள்.

விஷயம் வெளியே கசிந்தது. நியூசிலாந்து ரக்பி சங்கத்தினர் கொதித்து எழுந்தார்கள். இந்தக் கோஷ்டியோடு எனக்குச் சம்பந்தம் இல்லை என்று ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட மறுத்தவர்களை ஒதுக்கினார்கள். கோஷ்டியில் சேர்ந்து போகிறவர்களுக்கு ஆயுள் தடை என்று எச்சரித்தார்கள். பாஸ்கர்வில் சங்கத்தின் மைதானங்களுக்குள்ளேயே வரக்கூடாது என்று உத்தரவு பிறந்தது.

லண்டனில் இருந்த சங்கப் பிரதிநிதி ரே பாலிசரும் சும்மா இருக்கவில்லை. நியூசிலாந்தின் தேர்ந்த வீரர்கள் யாரும் வரப் போவதில்லை என்று அவர் பத்திரிகைகளில் பிரசாரம் செய்தார். இது ஒரு மாயக் கோஷ்டி என்று சில பத்திரிகைகள் கேலி செய்தன.

யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலைப் பாஸ்கர்வில் கடைசி வரை ரகசியமாக வைத்திருந்தார். பெயர் வெளியானால் ஆட்டக்காரரின் எதிர்காலம் கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். தன் பெயரைப் பற்றி மட்டும் அவர் கவலைப்படவில்லை.

சிட்னியில் கிடைத்த பட்டம்

1907 ஆகஸ்டு மாதம் கோஷ்டி ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி நகருக்கு வந்து சேர்ந்தது. அங்கேயும் ரக்பி வீரர்களிடையே குமுறல் இருந்தது. காயம் பட்டால் வைத்தியச் செலவுக்குக் கூடச் சங்கம் கை கொடுப்பதில்லை என்பது அவர்கள் குறை. ஜேம்ஸ் கில்டினன் என்ற வியாபாரியும், புகழ் பெற்ற கிரிக்கெட் வீரர் விக்டர் ட்ரம்பரும் அவர்களுக்குத் துணையாக நின்றார்கள்.

பாஸ்கர்வில்லின் கோஷ்டியுடன் மூன்று ஆட்டங்களுக்கு ஏற்பாடு ஆயிற்று. வடக்கு யூனியனின் விதிப் புத்தகம் கையில் இல்லை. ஆகவே பழைய ரக்பி விதிகளின்படியே ஆடினார்கள். ஆகஸ்டு 17-ந் தேதி நடந்த முதல் ஆட்டத்துக்குச் சுமார் 20 ஆயிரம் பேர் திரண்டு வந்தார்கள். மூன்று ஆட்டங்களிலும் நியூசிலாந்து கோஷ்டியே வென்றது.

சிட்னியில்தான் அவர்களுக்கு ஒரு பட்டப் பெயர் கிடைத்தது. கறுப்பு உடை அணிந்த நாட்டுக் கோஷ்டிக்குப் பெயர் ஆல் பிளாக்ஸ் அல்லவா? இவர்களோ தங்கத்துக்காக ஆடுகிறவர்கள். ஆகவே 'ஆல் கோல்ட்ஸ்' என்று ஒரு பத்திரிகை நையாண்டி செய்தது. முழுக்க முழுக்கத் தங்கம் என்று பொருள். பழிப்புக்காக வைத்த பெயர் பிறகு பெருமைக்குரிய பெயராக நிலைத்துவிட்டது.

சிட்னி கோஷ்டியில் டாலி மெஸஞ்சர் என்ற வாலிபர் ஆடினார். ஓட்டம், உதை இரண்டிலும் சூரர். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தின் செல்லப் பிள்ளை. அவரையும் பாஸ்கர்வில் தம்முடன் சேர்த்துக்கொண்டார். ஆஸ்திரேலியர் ஒருவர் நியூசிலாந்து கோஷ்டியில் பிரிட்டனுக்குப் பயணமானார்!

கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. அங்கும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. இலங்கையின் ரக்பி கோஷ்டியுடன் ஓர் ஆட்டம் ஆடி, 33-6 என்று ஜெயித்துவிட்டுத்தான் மறுபடியும் கப்பல் ஏறினார்கள்.

தெரியாத ஆட்டத்தில் வெற்றி

1907 அக்டோபர் தொடக்கத்தில் கோஷ்டி லீட்ஸ் நகரை அடைந்தது. ரயில் நிலையத்தில் ஜனசமுத்திரம். மாயக் கோஷ்டி என்று கேலி செய்யப்பட்டவர்களை நேரில் பார்க்க ஊரே திரண்டிருந்தது.

வரவேற்பு பலமாக இருந்தது. ஆனால் ஒரு சங்கடம். எந்த ஆட்டத்தை ஆட வந்தார்களோ, அந்த ஆட்டத்தைப் பெரும்பாலோர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை! ஒரே வாரத்தில் புது விதிகளைக் கற்றுக்கொண்டு களத்தில் இறங்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 9-ந் தேதி பிராம்லி என்ற கிளப்புடன் முதல் ஆட்டம். 25-6 என்ற கணக்கில் வெற்றி! கோஷ்டிக்குத் தைரியம் பிறந்தது.

அதற்குப் பிறகு ஓய்வே இல்லை. ஊர் விட்டு ஊர். கடுங்குளிர், மழை, சேறு. அந்த ஆட்டத்திலேயே ஊறிப்போன எதிரிகள். காயம் பட்டவர்கள் குணம் அடைவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும். விகன் நகரில் பெருங்கூட்டத்தின் முன்னிலையில் 12-8 என்று தோற்றார்கள்.

1908-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று அபர்டேர் என்ற ஊரில் வேல்ஸ் நாட்டுடன் மோதினார்கள். கோஷ்டிக்கு 13 பேர் என்ற புதிய விதிப்படி இரண்டு நாடுகள் மோதிய முதல் ஆட்டம் அதுதான். 9-8 என்ற கணக்கில், ஒரே ஒரு பாயிண்டில் வேல்ஸ் ஜெயித்தது. வெற்றி 'ட்ரை'யைப் போட்டவர் டேய் ஜோன்ஸ். 1905-ல் ஆல் பிளாக்ஸை வீழ்த்திய வேல்ஸ் கோஷ்டியிலும் ஆடியவர் அவர்! பத்து நாள் கழித்து இங்கிலாந்திடம் 18-16 என்று மறுபடியும் நூலிழையில் தோல்வி.

பிறகு வந்தது முக்கியமான சோதனை. வடக்கு யூனியனின் தேர்ந்த கோஷ்டியுடன் மூன்று டெஸ்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் லீட்ஸில் நடந்தது. 14-6 என்று தோல்வி. இரண்டாவது ஆட்டம் பிப்ரவரி 8-ந் தேதி லண்டனில் செல்சி மைதானத்தில் நடந்தது. 18-6 என்று நியூசிலாந்து ஜெயித்தது. ஆளுக்கு ஒரு வெற்றி. மூன்றாவது ஆட்டம் பிப்ரவரி 15-ந் தேதி செல்டன்ஹாம் நகரில். மழையில் ஊறிச் சகதியான களம். கடைசி வரை இழுபறி. முடிவில் 8-5 என்று நியூசிலாந்து வென்றது. தொடரே அவர்கள் கைக்கு வந்துவிட்டது!

பிரிட்டனில் ஆடியவை 35 ஆட்டங்கள். 19-ல் வெற்றி, 14-ல் தோல்வி, 2 சமம். நாலு மாதம் முன்பு விதி தெரியாமல் வந்தவர்கள் சாதித்த சாதனை இது.

கணக்குப் புத்தகமும் கால்பந்தும்

இவ்வளவு ஆட்டங்களிலும் பாஸ்கர்வில் களத்தில் இறங்கியது மிகவும் குறைவு. அவர் கோஷ்டியின் செயலாளர். ரயில் டிக்கெட் எடுப்பது, ஹோட்டலில் இடம் பிடிப்பது, வசூலைச் சரி பார்ப்பது, கடிதங்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆட ஆசைப்பட்டவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கணக்குப் புத்தகம்தான்! மானேஜராக வந்த பாமரும், பொக்கிஷதாரராக இருந்த கிளீசனும் துணை நின்றார்கள்.

கணக்கு முடித்தபோது 5,600 பவுனுக்கு மேல் லாபம் நின்றது. பேசியபடி அந்தப் பணம் ஆட்டக்காரர்களுக்கே பங்கிடப்பட்டது. 50 பவுன் போட்டவர்கள் யாரும் ஏமாறவில்லை. ஒரு குமாஸ்தாவின் வார்த்தையை நம்பி வந்தவர்களுக்கு அந்த வார்த்தை காப்பாற்றப்பட்டது.

கோஷ்டியில் சிலருக்கு இங்கிலாந்துக் கிளப்புகளிலேயே வேலை கிடைத்தது. லான்ஸ் டாட் விகன் கிளப்பில் சேர்ந்தார். ஜார்ஜ் ஸ்மித் ஓல்டாம் கிளப்பில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். மற்றவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

ஒரே ஒரு டெஸ்டு

ஒன்பது மாதம் முன்பு அவர்கள் விட்டுப்போன சிட்னி வேறு. திரும்பி வந்த சிட்னி வேறு. அவர்கள் மூட்டிய நெருப்பு அங்கே பற்றிக்கொண்டிருந்தது. புதிய ரக்பி லீக் கிளப்புகள் தோன்றிவிட்டன. 1908 ஏப்ரல் 20-ந் தேதி சிட்னி கிளப்புகளின் முதல் லீக் போட்டியே தொடங்கிவிட்டது.

மே மாதம் 9-ந் தேதி சிட்னியில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் புதிய ஆட்டத்தில் முதன் முதலாக மோதின. இந்த முறை பாஸ்கர்வில்லும் களத்தில் இறங்கினார். கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நாட்டின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஆட்டம் கடுமையாக இருந்தது. பாஸ்கர்வில் பந்தோடு கோட்டைத் தாண்டி ஒரு 'ட்ரை' போட்டார். முடிவில் நியூசிலாந்து 11, ஆஸ்திரேலியா 10. ஒரே ஒரு பாயிண்டு வித்தியாசத்தில் வெற்றி! அந்த 'ட்ரை' இல்லாவிட்டால் ஆட்டமே தலைகீழாகப் போயிருக்கும்.

ஆல் பிளாக்ஸில் இடம் கிடைக்காத அந்த வீரர், தானே உண்டாக்கிய கோஷ்டியில் நாட்டுக்காக ஆடி, நாட்டை ஜெயிக்க வைத்துவிட்டார். அவர் ஆடிய முதல் டெஸ்டு அது. கடைசி டெஸ்டும் அதுவேதான்.

பிரிஸ்பேனில் முடிவு

அடுத்தபடியாகக் கோஷ்டி வடக்கே குயின்ஸ்லாந்து மாகாணத்துக்குப் புறப்பட்டது. தலைநகரான பிரிஸ்பேனில் ஆட்டங்கள். புதிய ரக்பியை அங்கேயும் வேரூன்றச் செய்வதுதான் நோக்கம். அதை முடித்துவிட்டால் வீடுதான்.

அந்தப் பயணத்தில் பாஸ்கர்வில்லுக்குச் சளி பிடித்தது. காய்ச்சல் வந்தது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பனியிலும் சேற்றிலும் பிரிட்டனையே சுற்றி வந்தவருக்கு இந்தக் காய்ச்சல் எம்மாத்திரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது நிமோனியாவாக மாறிற்று. நுரையீரலைத் தாக்கியது.

இன்று நிமோனியாவுக்கு மருந்து இருக்கிறது. அன்று இல்லை. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-ம் ஆண்டில்தான். அது நோயாளிகளின் கைக்கு வந்தது 1940-க்குப் பிறகு. 1908-ல் நிமோனியா வந்தால், உடம்பு தானாகவே போராடிப் பிழைத்தால்தான் உண்டு. தேகக் கட்டுள்ள விளையாட்டு வீரர்கள் கூட அதற்குத் தப்ப முடியாமல் போனது உண்டு.

1908-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பிரிஸ்பேனில் ஆல்பர்ட் பாஸ்கர்வில்லின் உயிர் பிரிந்தது. முதல் டெஸ்டில் அவர் ஓடி ஆடிப் பதினோரு நாட்கள்தான் ஆகியிருந்தன.

கோஷ்டி நிலை குலைந்து போயிற்று. ஆளுக்கு 50 பவுன் போட்ட கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்து அழுதார்கள். சிலர் தங்கள் செயலாளரின் உடலோடு நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். மற்றவர்கள் மனதைத் தேற்றிக்கொண்டு பாக்கி ஆட்டங்களை ஆடி முடித்தார்கள். அவர் உயிர் விட்ட அதே பிரிஸ்பேனில் மே 30-ந் தேதி நடந்த இரண்டாவது டெஸ்டில் 24-12 என்று ஜெயித்தார்கள். கடைசி டெஸ்டில் தோற்றாலும் தொடர் அவர்களுக்கே கிடைத்தது.

வெல்லிங்டனில் கரோரி மயானத்தில் பாஸ்கர்வில் அடக்கம் செய்யப்பட்டார்.

திறந்த கதவு

வீரர்கள் எல்லோரும் ஊர் திரும்பியதும் முதலில் நினைத்தது அவருடைய தாயாரைத்தான். அந்த அம்மாளுக்காக ஓர் உதவி ஆட்டம் நடத்தினார்கள். தங்களுக்குள்ளேயே இரண்டு கோஷ்டிகளாகப் பிரிந்து, ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு என்று ஆடினார்கள். அதுதான் ஜூன் 13-ந் தேதி நடந்த அந்த ஆட்டம்.

அத்லெட்டிக் பார்க் வெல்லிங்டன் ரக்பியின் கோட்டை. பாஸ்கர்வில் உயிரோடு இருந்தவரை ரக்பி சங்கத்தின் கதவு அவருக்கு மூடியே இருந்தது. அவர் மண்ணுக்குள் போன பிறகு, அவர் கொண்டு வந்த ஆட்டம் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது! நியூசிலாந்தில் ரக்பி லீக் பிறந்தது அந்த நாளில்தான்.

1910-ம் ஆண்டில் நியூசிலாந்து ரக்பி லீக் சங்கம் அமைந்தது. ஆஸ்திரேலிய கோஷ்டி 1908-ம் ஆண்டிலேயே பாஸ்கர்வில் காட்டிய வழியில் பிரிட்டனுக்குப் பயணமாயிற்று. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ரக்பி லீக் ஜனங்களின் ஆட்டமாகவே ஆகிவிட்டது.

அவரோடு போனவர்களுக்கும் காலம் பலவிதமாகப் பலன் கொடுத்தது. லான்ஸ் டாட் இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றார். 1942-ம் ஆண்டில் அவர் இறந்த பிறகு, சாலஞ்சு கோப்பை இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கு அவர் பெயரால் பரிசு ஏற்படுத்தப்பட்டது. ஹ்யூபர்ட் டர்டில் செயிண்ட் ஹெலன்ஸ் நகரில் குடியேறினார். முதல் உலக யுத்தத்தில் 1918-ம் ஆண்டில் போர் முனையில் மாண்டார்.

நூறு ஆண்டு கழிந்து

ஆட்டக்காரன் பணம் வாங்கக் கூடாது என்ற பழைய ரக்பி சங்கங்களின் விதி என்ன ஆயிற்று? 1995-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்தச் சங்கங்களே அதை எடுத்துவிட்டன. ஹட்டர்ஸ்பீல்டு ஹோட்டலில் கலகம் பிறந்து சரியாக 100 ஆண்டுகளுக்குப் பின்! பாஸ்கர்வில்லுக்கு எந்தக் குற்றத்துக்காக ஆயுள் தடை விதித்தார்களோ, அது அதன் பிறகு குற்றமே இல்லை. இன்று ஆல் பிளாக்ஸ் வீரர்கள் ஆடுவது சம்பளத்துக்குத்தான்.

அத்லெட்டிக் பார்க் மைதானம் 1999-ம் ஆண்டில் மூடப்பட்டது. அந்த இடத்தில் முதியோர் குடியிருப்பு எழும்பியது. ஆனால் பாஸ்கர்வில்லின் பெயர் மறையவில்லை. பிரிட்டிஷ் கோஷ்டியும் நியூசிலாந்து கோஷ்டியும் மோதும் டெஸ்டு தொடருக்கு 2002-ம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு கேடயம் வைக்கப்பட்டது.

இன்னும் ஒன்று உண்டு. ரக்பி லீக் உலகக் கோப்பைப் போட்டிகள் 1954-ம் ஆண்டில் ஆரம்பமாயின. அரை நூற்றாண்டுக்கு மேலாக நியூசிலாந்து அந்தக் கோப்பையைத் தொட முடியவில்லை. 2008-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி, எவரும் வெல்ல முடியாது என்று கருதப்பட்ட ஆஸ்திரேலியா. நியூசிலாந்து 34-20 என்று ஜெயித்து முதல் தடவையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது.

அந்த ஆட்டம் நடந்த நகரம் பிரிஸ்பேன். ஆல்பர்ட் பாஸ்கர்வில் கண் மூடிய அதே ஊர். அவர் மறைந்த நூறாவது ஆண்டு!